ஒப்பீட்டுக் குழு

எங்கள் பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று ஊழியர் சங்கம் பதினோரு வருடம் கேட்டது. பதினோரு வருடமும் ஒரே பதில்தான்: பரிசீலனையில் இருக்கிறது. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்த அந்தக் கோரிக்கையைக் கடைசியில் வெளியே எடுத்தது சங்கம் இல்லை, குழந்தை உளவியல் துறைப் பேராசிரியை. காப்பகம் நடத்தப் பல்கலைக்கழகச் சட்டத்தில் இடம் கிடையாதாம், ஆராய்ச்சி நடத்த உண்டாம். ஆகவே அவர் காப்பகத்தையே ஒரு ஆராய்ச்சியாக்கிவிட்டார். தலையைச் சுற்றினாலும் மூக்கைத் தொட்டுவிட்டாரே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

நான் வேதியியல் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்தேன். முதல் வருட மாணவர்கள் எட்டரைக்கு வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வரும்போது நாற்பது மேசையிலும் பியூரெட், பிப்பெட், குடுவை, கரைசல் எல்லாம் தயாராக நிற்க வேண்டும். அதற்கு நான் ஏழேகாலுக்கு உள்ளே இருந்தாக வேண்டும். ஒரு மாணவன் தப்பான விடை எழுதினால் அது அவன் தப்பு. நாற்பது பேரும் ஒரே மாதிரி தப்பாக எழுதினால் அது என் தப்பு. ஆறு வருடத்தில் அப்படி ஒரே ஒரு முறைதான் நடந்தது. என் மகள் பிறந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம் அது.

மகளை வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவோம். பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள். இரண்டு வயதுக்குள் அந்தப் பெயருக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாமல் கொழுகொழுவென்று வளர்ந்து, கைக்கு எட்டியதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு திரிந்தாள். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலே போய்க் கீழே வருகிறவர், நம் குடும்பம் மட்டும் ஏறின மாடியிலேயே நிற்கிறதே என்று கேலி செய்வேன். சிரிப்பார். எங்கேயாவது ஆள் மாட்டிக்கொண்டால் அவருக்கு போன் வரும், போட்டது போட்டபடி ஓட வேண்டும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் இறங்க முடியாது. இரண்டு வருடம் என் நாத்தனார்தான் சுண்டுவைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு இரட்டைக் குழந்தை என்று டாக்டர் சொல்லி, எழுந்து நடக்கவே கூடாது என்று படுக்க வைத்துவிட்டார். அவள் மேல் கோபப்பட முடியுமா? கொஞ்சம் பட்டேன். தெருமுனையில் ஒரு தனியார் காப்பகம் இருக்கிறது. ஒன்பது மணிக்குத் திறந்து மூன்றரைக்கு மூடுகிறார்கள். வேலைக்குப் போகாத தாய்மார்களுக்கென்றே கட்டியிருப்பார்கள் போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் பேராசிரியையின் அறிவிப்பு வந்தது. காலை ஏழு முதல் மாலை ஆறு வரை. பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே, தாவரவியல் தோட்டத்துக்குப் பக்கத்தில், பழைய விருந்தினர் விடுதியின் கீழ்த்தளம். அறிவிப்பைப் படித்துவிட்டு நேராகக் காப்பகத்தைப் பார்க்கப் போனேன். சின்னச் சின்ன கழிப்பறை, முழங்கால் உயரத்தில் கைகழுவும் தொட்டி. அந்தத் தொட்டியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்மையும் ஒரு மனிதப் பிறவியாக நினைத்து யாரோ அளவெடுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

விண்ணப்பித்தவர்கள் நாற்பத்தெட்டு பேர். எல்லாரையும் பேராசிரியை ஒரு வகுப்பறையில் உட்கார வைத்துப் பேசினார். நல்ல பெண்மணி. அதை இப்போதும் சொல்வேன். அலட்டல் கிடையாது, பருத்திச் சேலை, கரகரத்த குரல்.

"இடம் இருபத்துநாலு பேருக்குத்தான் இருக்கு. நானா பார்த்து யாருக்குக் குடுத்தாலும் தப்பு. அதனால கம்ப்யூட்டர் குலுக்கல் போட்டிருக்கு. இருபத்துநாலு குழந்தைங்க காப்பகத்துல இருப்பாங்க. மீதி இருபத்துநாலு பேர் ஒப்பீட்டுக் குழு."

"ஒப்பீட்டுக் குழுன்னா என்ன மேடம் கிடைக்கும்?" என்று முன்வரிசையில் ஒருத்தர் கேட்டார்.

"ஒண்ணும் கிடைக்காது," என்றார் பேராசிரியை. பொய் சொல்லத் தெரியாதவர். "மாசத்துக்கு ஒரு தடவை எங்க ஆய்வு மாணவி வீட்டுக்கு வந்து குழந்தையையும் உங்களையும் பார்த்துக் குறிச்சிக்கிட்டுப் போவாங்க. ஒரு வருஷம். ரெண்டு குழுவுக்கும் என்ன வித்தியாசம்னு காட்டினாத்தான் நிர்வாகம் இதை நிரந்தரமாக்கும். நிரந்தரமானா, ஒரு மாசம்கூட விடாம கூட இருந்த ஒப்பீட்டுக் குழுவுக்குத்தான் முதல் இடம். இது என் வார்த்தை."

ஆளுக்கொன்றாகக் கொடுத்த உறையைப் பிரித்தேன். ஒப்பீட்டுக் குழு, எண் பதினேழு.

ஆய்வகத்தில் கரைசலே ஊற்றாமல் வெறும் தண்ணீரை வைத்தும் ஒரு சோதனை செய்வோம். அதில் எதுவும் நடக்கக் கூடாது. நடக்காததைப் பக்கத்தில் வைத்துத்தான் நடந்ததை அளக்க முடியும். ஆறு வருடமாக நானே தினம் காலையில் அந்தக் குடுவையை எடுத்து வைத்திருக்கிறேன். அதனால் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நூலகத்து அக்காவுக்குக் காப்பகம் விழுந்திருந்தது.

நூலகத்து அக்கா என்று நான் சொல்வது புத்தகம் திருப்பி வாங்கும் மேசையில் இருப்பவரை. அவர் வீட்டில் மாமியார், மாமனார், கல்யாணமாகாத நாத்தனார் என்று குழந்தையைத் தூக்க ஆறு கை இருந்தது. சும்மா போட்டுப் பார்ப்போமே என்று விண்ணப்பித்தாராம். ஒரு வாரம் பையனைக் கொண்டுவந்து விட்டார். அப்புறம் அவருடைய மாமியார் ஒற்றைக் காலில் நின்றுவிட்டார், என் பேரனை அனுப்பவே மாட்டேன் என்று. வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வருவான். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தோட்டத்து வழியாகப் போய் ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன். இருபத்துநாலு பாயில் ஒரு பாய் சும்மா விரித்துக் கிடக்கும். அந்தப் பாயைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

நூலகத்து அக்கா தங்கமான மனுஷி. அவரே சொன்னார்: "நீயே உன் பொண்ணைக் கொண்டாந்து விட்டுக்கோ. வா, நான் வந்து சொல்றேன்."

இருவரும் பேராசிரியையின் அறைக்குப் போனோம். அவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முழுவதையும் கேட்டார்.

"முடியாதும்மா."

"இடம் சும்மாதானே மேடம் இருக்கு? யாருக்கும் கெடுதல் இல்லையே."

"உங்களுக்கு நான் மாத்திக் குடுத்தா, தேவைப்பட்டவங்களைப் பொறுக்கி எடுத்து உள்ள போட்டேன்னு ஆயிடும். அப்புறம் இந்த ஆராய்ச்சிக்கு மதிப்பே இல்ல. நிர்வாகத்துல இதை எப்படா மூடலாம்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுக் காத்திருக்காங்க. மூடிட்டா அந்த இருபத்துநாலு குழந்தையும் வெளிய வந்துடும். நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?"

என்னையே கேட்டால் நான் என்ன சொல்வது? ஒரு கரைசலில் இன்னொரு கரைசல் ஒரு சொட்டு விழுந்தால் முழுப் புட்டியையும் கொட்டுகிறவள் நான். அவர் சொன்னது சரி. சரியாகச் சொல்கிறவர்கள் மேல் வருகிற கோபத்துக்குப் போக்கிடமே கிடையாது. வெளியே வந்து நூலகத்து அக்காவிடம் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், பேசாமல் கேட்டுக்கொண்டார்.

பிறகு சமாளித்தோம். சமாளித்தோம் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். மாடிவீட்டுக்காரம்மா இரண்டு மாதம் பார்த்துக்கொண்டார், பிறகு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கணவர் ஒரு மாதம் மதிய ஷிப்டு கேட்டு வாங்கினார், அவருடைய மேலாளர் அடுத்த மாதம் தர மறுத்தார். காலையில் யார் எத்தனை மணிக்கு எங்கே என்று நானும் அவரும் பல் தேய்த்துக்கொண்டே சண்டை போடுவோம். வேறு எதைப் பற்றியும் பேசினதாக அந்த வருடத்தில் எனக்கு ஞாபகம் இல்லை.

மாதம் தவறாமல் ஒரு சனிக்கிழமை ஆய்வு மாணவி வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, முதுகில் பெரிய பை. பையிலிருந்து எடைக்கருவி, உயரம் பார்க்கும் பட்டை, மரக்கட்டைகள், படிவங்கள் எல்லாம் வரும். நான் அவளுக்கு அளவுக்காரி என்று பேர் வைத்தேன், முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டேன். கோபித்துக்கொள்ள மாட்டாள். சுண்டு எத்தனை கட்டை அடுக்குகிறாள், எத்தனை வார்த்தை சேர்த்துப் பேசுகிறாள் என்று குறிப்பாள். பிறகு என் முறை. போன வாரம் எத்தனை நாள் தாமதமாக வேலைக்குப் போனீர்கள், எத்தனை முறை அழுதீர்கள்.

"இதெல்லாமா எண்ணி வைப்பாங்க?" என்பேன்.

"தோராயமா சொல்லுங்கக்கா. பூஜ்யம், ஒண்ணுலேர்ந்து மூணு, மூணுக்கு மேல."

"மூணுக்கு மேலன்னு போட்டுக்கோ. மேல இருக்கிறதுக்கு உன் படிவத்துல கட்டம் இல்ல."

அவள் சிரித்துக்கொண்டே டிக் அடிப்பாள். சுண்டுவுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். கட்டையைத் திரும்பப் பையில் போடும்போது மட்டும் ஊரைக் கூட்டுவாள்.

ஐந்தாவது மாதம் வேறு வழியில்லாமல் சுண்டுவை ஆய்வகத்துக்குக் கொண்டு போக ஆரம்பித்தேன். மாணவர்கள் இருக்கும் பெரிய அறைக்கு இல்லை, பின்னால் கரைசல் தயாரிக்கும் சின்ன அறைக்கு. அங்கே மூலையில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி ஒரு தொழுவம் மாதிரி கட்டினேன். அமிலப் புட்டிகளையெல்லாம் மேல்தட்டுக்கு ஏற்றிப் பூட்டினேன். கூடாது என்று எனக்குத் தெரியாதா? சுவரில் ஒட்டியிருந்த பாதுகாப்பு விதிகளை அழகாகத் தட்டச்சு செய்ததே நான்தான்.

ஆய்வகப் பொறுப்பாளர் மூன்றாவது நாளே பார்த்துவிட்டார். எப்போதும் வாய்க்குள் ஏதாவது ராகம் முணுமுணுத்துக்கொண்டே நடக்கிற மனுஷர். முணுமுணுப்பை நிறுத்தி, பெட்டிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"பேர் என்ன?"

"சுண்டுன்னு கூப்பிடுவோம் சார்."

"நான் பார்க்கல," என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் தன் அறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலுக்குக் குறுக்கே போட்டார், குழந்தை வெளியே வராமல். அப்புறம் வடிதாளை மடித்துப் படகு செய்து கொடுத்தார். தினம் ஒரு படகு. தினமும் "நான் பார்க்கல" என்பார். ஆறு வாரம் இப்படி ஓடியது. இப்படியே ஓடிவிடும் என்று நம்பினேன். நம்பிக்கை என்றுகூட அதைச் சொல்ல முடியாது, வேறு எதையும் யோசிக்கத் தெம்பில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சில்வர் நைட்ரேட் பரிசோதனை. முடிந்ததும் நாற்பது பியூரெட்டையும் கழுவுவதற்காகத் தட்டில் போட்டுத் தயாரிப்பு அறைக்குக் கொண்டு வந்தேன். தட்டு கனம். ஒரு நிமிடம் தாழ்ந்த முக்காலியில் இறக்கி வைத்துவிட்டு, ஒரு மாணவி கூப்பிட்டதால் வெளியே போனேன். ஒரு நிமிடம் இல்லை, நான்கு நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது சுண்டு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பியூரெட்டிலிருந்து வடிந்து தட்டில் தேங்கியிருந்த கரைசலைத் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். தூக்கிக்கொண்டு ஓடிக் குழாயடியில் காட்டினேன். கை, முகம், கழுத்து எல்லாம் கழுவினேன். கண்ணைத் திறந்து திறந்து தண்ணீர் விட்டேன். அலறினாள். கண் சிவக்கவில்லை. தோலில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் மாதிரிதான் இருக்கும் அந்தக் கரைசல், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பட்டு மறுநாள்தான் காட்டிக்கொடுக்கும்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் சுண்டுவின் வலது கன்னத்தில் நான்கு விரல் கருப்பாகப் பதிந்திருந்தது. அவளே அவள் கன்னத்தைத் தடவிக்கொண்ட தடம். உள்ளங்கை இரண்டும் கரி பூசின மாதிரி. எலுமிச்சம்பழம் தேய்த்தேன், சோப்பு தேய்த்தேன். போகாது என்று எனக்குத் தெரியும். தோல் உரிந்து புதுத்தோல் வந்தால்தான் போகும். குழந்தை அழ அழத் தேய்த்தேன். கணவர் வந்து கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னிக்கு அந்தப் பொண்ணு வருதுல்ல? வர வேணாம்னு சொல்லிடு."

"ஒரு மாசம் விட்டாலும் பேர் போயிடும். முதல் இடம் நமக்குத்தான்னு சொல்லியிருக்காங்க. இன்னும் ஆறு மாசம்தான்."

அதுதான் நான் செய்த முட்டாள்தனம். ஆனால் திரும்ப அந்தக் காலையில் கொண்டு போய் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். அந்த முழங்கால் உயரத் தொட்டி என் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

அளவுக்காரி பையை இறக்கினாள். சுண்டு ஓடிப்போய் அவள் மடியில் ஏறினாள். அவள் குழந்தையின் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா இது?"

"பேனா மை. எங்கயோ போய்க் கொட்டிக்கிட்டா."

அவள் கன்னத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நானும் மூணு வருஷம் கெமிஸ்ட்ரி படிச்சவதான்க்கா."

என் கணவர் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

"கண்ணுல பட்டிருந்தா?" என்றாள்.

"பட்டிருந்தா பார்வை போயிருக்கும். எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா?"

"விபத்துன்னு ஒரு பக்கம் இருக்குக்கா. குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒரு நாளைக்குள்ள எழுதிக் குடுத்தாகணும். ரெண்டு குழுவுக்கும் அதே விதி. எழுதாம விட்டா என் பட்டம் போகும். அது போனாப் போகட்டும். நாளைக்கு மறுபடி நீங்க இவளை அங்க கொண்டு போவீங்க. போவீங்கதானே?"

"திங்கட்கிழமை," என்றேன். "நாளைக்கு ஞாயிறு."

அவள் அழுதுகொண்டே அந்தப் பக்கத்தை நிரப்பினாள். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். அவளை வெளியே போ என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை, காரணம் என் உள்மனதுக்கு அவள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. அந்த நியாயத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அந்த அறிக்கை ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்குப் போய், அங்கிருந்து பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், வேதியியல் துறைக்கு வந்தது. பதினோரு வருடம் நகராத அதே அலுவலகத்தில் இந்தக் காகிதம் ஒன்பது நாளில் நகர்ந்தது. ஆய்வகப் பொறுப்பாளரைக் கேட்டிருக்கிறார்கள். குழந்தையைப் பார்த்ததே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஓய்வு பெற அவருக்கு எட்டு மாதம் பாக்கி. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, தினமும் சொன்னதைத்தானே எழுதினார். வருடாவருடம் புதுப்பிக்கும் என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்று கடிதம் வந்தது. கோட்டையும் அலமாரிச் சாவியையும் ஒப்படைக்கப் போன அன்று அவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. முணுமுணுப்பும் கேட்கவில்லை.

வேலை போன பிறகும் அளவுக்காரி மாதம் ஒரு முறை வந்தாள். வராமல் இருக்க முடியாது, நான் பதினேழாம் எண். முதல் முறை வந்தபோது வாசலிலேயே நின்றாள், உள்ளே வா என்று நான் சொல்லும்வரை. படிவத்தில் ஒரு புதுக் கேள்வி சேர்ந்திருந்தது: வேலையை விட்டதற்குக் காரணம். அவள் வாசிக்கத் தயங்கினாள். நானே காகிதத்தை வாங்கி, குழந்தைப் பராமரிப்பு என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்தேன். சுண்டு அந்த மாதம் பத்துக் கட்டை அடுக்கினாள்.

"நல்லா முன்னேறியிருக்கா," என்றாள் மெல்ல.

"பின்ன? அம்மா வீட்டுல சும்மாதானே இருக்கேன்."

சும்மா இருந்தேனா? இரண்டு கல்லூரிகளில் ஆய்வக வேலைக்குப் போய்க் கேட்டேன். ஒரு மருந்துக் கம்பெனியில் சோதனைக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். எல்லா இடத்திலும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்? முதலில் பொய் சொல்லிப் பார்த்தேன். எனக்குப் பொய் வராது, மை என்று சொன்னதே என் லட்சணத்துக்குச் சாட்சி. வீட்டில் தினம் காலை ஐந்தரைக்கே தானாக விழிப்பு வந்துவிடும். ஏழேகாலுக்கு யாருக்கும் எதையும் எடுத்து வைக்க வேண்டாம். அந்த நேரத்தில் என்னை நானே வெறுத்தேன். சுண்டு மேல்கூட எரிச்சல் வந்தது. அவள் என்ன செய்வாள், பிறந்தது ஒரு குற்றமா?

வருடம் முடிந்தது. ஒரு மாலை பேராசிரியையே வீட்டுக்கு வந்தார், அளவுக்காரியையும் கூட்டிக்கொண்டு. எங்கள் வீட்டில் இரண்டு நாற்காலிதான். கணவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டார்.

"உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்," என்றார் பேராசிரியை. "காப்பகம் நிரந்தரமாயிடுச்சு. துணைவேந்தர் கையெழுத்துப் போட்டுட்டார். நூறு குழந்தைங்களுக்கு விரிவாக்கப் போறாங்க."

"சந்தோஷம் மேடம்." உண்மையாகவே சந்தோஷம் வந்தது. வெட்கம் கெட்ட மனது.

"காப்பகக் குழுவுல இருபத்துநாலு அம்மாவுல இருபத்துமூணு பேர் வேலையில இருக்காங்க. ஒப்பீட்டுக் குழுவுல பதிமூணு பேர்தான். பதினொரு பேர் வேலையை இழந்துட்டாங்க. இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் நிர்வாகம் வாயடைச்சுப் போச்சு. நீங்கள்லாம் கூட நிக்கலேன்னா இதை நிரூபிச்சிருக்கவே முடியாது."

"அந்தப் பதினொண்ணுல நான் ஒருத்தி."

"ஆமாம்மா."

சுண்டு அளவுக்காரியின் பையைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் இடம்னு சொன்னீங்களே மேடம்?"

அவர் அந்தக் கேள்விக்குத்தான் வந்திருந்தார். கைகளைப் பிசைந்தார். "நான் குடுத்த வார்த்தை. எழுதியும் வெச்சேன். நிர்வாகம் கடைசி நிமிஷத்துல ஒரு வரி சேர்த்துட்டாங்க. இப்ப பணியில இருக்கிற ஊழியர்களோட குழந்தைங்களுக்கு மட்டும். மூணு தடவை போய் நின்னேன். நான் முட்டிப் பார்க்காத சுவர் இல்ல."

நம்பினேன். முட்டியிருப்பார். என் கணவர் சமையலறை வாசலிலிருந்து, "வேலை இருந்தாத்தான் இடம், இடம் இருந்தாத்தான் வேலை," என்று மெதுவாகச் சொன்னார்.

"சும்மா வெறுங்கையோட வரல," என்று பேராசிரியை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "நூறு குழந்தைக்குன்னா உதவியாளர் நிறைய வேணும். உங்களை மாதிரிப் பொறுப்பான ஆள் எனக்கு வேணும். ஆள் அனுப்புற ஒப்பந்தக்காரர்கிட்ட பேசிட்டேன். உங்களுக்கு வேலை உண்டு. அடுத்த திங்கட்கிழமையே வந்துடுங்க. காலையில ஏழு மணி, சாயங்காலம் ஆறு."

"அப்ப நானும் பல்கலைக்கழக ஊழியர்தானே மேடம்? பொண்ணைக் கூட்டிட்டு வரலாமா?"

"இல்லம்மா. உதவியாளர்கள் ஒப்பந்தக்காரரோட ஆளுங்க. அவங்க கணக்குல வர மாட்டாங்க."

மூன்று வயதுக் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டலாம், அந்தச் சின்னத் தொட்டியில் கை கழுவி விடலாம், பாய் விரித்துத் தூங்க வைக்கலாம். எனக்கு நன்றாக வரும். வேலையைக் கேட்டதும் என் மனது ஏழு மணிக்குள் எதையெல்லாம் முடிக்க வேண்டும் என்று கணக்குப் போடவே ஆரம்பித்துவிட்டது. பாதியில் நின்றேன்.

"மேடம், என் பொண்ணை யார்கிட்ட விட்டுட்டு வர்றது?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவர் படித்தவர், இதையே வருடக்கணக்காக ஆராய்ந்தவர், ஏதாவது வழி தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டேன். அளவுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பேராசிரியையின் கண்ணில் நீர் நிறைந்ததைப் பார்த்து நானே எழுந்து தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுங்க, திங்கட்கிழமை வரைக்கும் இடத்தை வெச்சிருக்கேன்," என்றார். இருவரும் போனார்கள். நானும் கணவரும் திங்கட்கிழமை வரை யோசித்தோம். நான் போகவில்லை.

அந்த வேலைக்கு வேறொரு பெண் வந்துவிட்டதாக நூலகத்து அக்கா போனில் சொன்னார். கெட்டிக்காரியாம், குழந்தைகள் அவளிடம் அப்படி ஒட்டிக்கொள்கிறார்களாம். அவளுக்கும் இரண்டு வயதில் ஒரு பிள்ளை இருக்கிறதாம். அதை எங்கே விட்டுவிட்டு வருகிறாள் என்று அக்கா சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.